காலையில் பார்த்த பூஜ்ஜியம்: எண்ணெய் டேங்க்கில் கசடு எடுத்த அனுபவம்

ஆக்சிஜன் 20.9. எல்இஎல் 0. ஹைட்ரஜன் சல்பைடு 0. 2009 மே மாதம், ஒரு காலை ஏழரை மணிக்கு நான் என் கையால் பெர்மிட்டில், அதாவது டேங்க்குக்குள் ஆள் இறங்க அனுமதிக்கும் சீட்டில், எழுதிய அளவுகள் இவை. எல்இஎல் என்பது, ஆவி தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் காற்றில் இருக்கிறது என்ற கணக்கு. ஹைட்ரஜன் சல்பைடு விஷவாயு. பத்து மணி தாண்டியதும் அதே டேங்க்குக்குள் ஒரு பையன் மயங்கி உட்கார்ந்துவிட்டான். மீட்டரில் பழுதில்லை. நான் எழுதியதும் பொய்யில்லை. காலையில் அந்த டேங்க்கில் உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அதன் பிறகு நான் இந்த வேலை பார்த்த விதமே மாறிவிட்டது. கசடு எடுக்கப் போகிறவர்களும், அந்த வேலையைக் கொடுக்கும் தொழிற்சாலைக்காரர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பாய்லருக்கு ஃபர்னஸ் ஆயில் தேக்கி வைக்கும் டேங்க். 12 மீட்டர் விட்டம், 9 மீட்டர் உயரம், ஆயிரம் கிலோலிட்டர் பிடிக்கும். பதினோரு வருஷமாகத் திறக்கவே இல்லை. பம்ப்பின் வடிகட்டி (ஸ்ட்ரெய்னர்) வாரம் ஒரு முறை அடைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் எங்கள் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்கள். நான் சூப்பர்வைசர். என்னோடு ஒரு மேஸ்திரி, எட்டுப் பேர். பத்து நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு.

ஃபர்னஸ் ஆயில் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்தபின் மிஞ்சும் கனத்த எண்ணெய். சூடாக இருந்தால்தான் ஓடும். அதற்காகவே டேங்க்கின் அடியில் நீராவிக் குழாய்ச் சுருள் ஓடுகிறது. வருஷக்கணக்கில் நிற்கும்போது அதிலுள்ள தார் போன்ற கனமான பகுதி அடியில் இறங்கும். தகட்டிலிருந்து உதிரும் துரு, லாரியோடு வந்த மணல் எல்லாம் அதோடு சேரும். இன்னொன்று, தண்ணீர். இரவில் டேங்க் குளிரும்போது உள்ளே இழுக்கும் ஈரக்காற்று, நீராவிக் குழாயில் விழும் சின்ன ஓட்டை என்று தண்ணீர் எப்படியோ வந்துவிடும். ஃபர்னஸ் ஆயிலை விடத் தண்ணீர் கொஞ்சம்தான் கனம், அதனால் சுத்தமாகப் பிரியாது. கசடுக்குக் கீழேயும் கசடுக்குள்ளேயும் திட்டுத்திட்டாகச் சிக்கி நிற்கும். காற்றே படாத அந்தத் தண்ணீரில்தான் ஒரு வகை பாக்டீரியா வளர்ந்து, சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகிறது. எண்ணெயிலேயே கரைந்திருக்கும் சல்பைடும் கொஞ்சம் உண்டு. இத்தனையும் மேலே கெட்டியான ஒரு மூடிக்குள் அடங்கி இருக்கிறது. பானையை மூடி வைத்துவிட்டு வாடை வரவில்லை என்று சொல்வது போலத்தான், கசடைத் தொடாமல் கேஸ் பார்ப்பதும்.

அது அப்போது எனக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால், ஹைட்ரஜன் சல்பைடு என்ற பெயரும் அதன் வரம்பும் தெரியும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியாது.

முதல் தப்பு அளவிலேயே தொடங்கியது. டிப் டேப் என்ற அளவு நாடாவை இறக்கி 22 சென்டிமீட்டர் கசடு என்று தொழிற்சாலையில் கொடுத்திருந்தார்கள். டிப் எடுப்பது எப்போதும் கூரையில் ஒரே ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்குக் கீழே எண்ணெய் உள்ளே பாயும் குழாய் பக்கத்தில் இருந்ததால் அந்த இடம் மட்டும் அலசிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிர்ப்பக்கம், நீராவிச் சுருளுக்குப் பின்னால், முழங்காலுக்கு மேல் ஏறி நின்றது கசடு. சராசரி 40 சென்டிமீட்டர் என்று வைத்தால்கூட 45 கன மீட்டர். நாங்கள் போட்டுக்கொண்டு போன திட்டமோ 25-க்குத்தான். இப்போதெல்லாம் கூரையில் எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனையிலும் கம்பி இறக்கிப் பார்த்து, ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டுதான் நாள் கணக்கே சொல்கிறேன். கணக்குத் தப்பினால் அவசரம் வரும். அவசரம் வந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் இரண்டு நாள் ஓடுகிற எண்ணெயை எல்லாம் பம்ப் வைத்து எடுத்தோம், மேன்ஹோலைத் திறந்தோம், புளோயர் வைத்தோம். மூன்றாம் நாள் காலை கேஸ் பார்த்தேன். மேன்ஹோல் வாயில் கையை நீட்டி மீட்டரைப் பிடித்தேன், அவ்வளவுதான். மேலே சொன்ன மூன்று எண்களும் வந்தன. எட்டேகாலுக்கு மேஸ்திரியும் திண்டிவனத்துத் தம்பி ஒருவனும் உள்ளே போனார்கள். தம்பிக்கு வயது 23. முகத்தில் வடிகட்டி வைத்த மாஸ்க், இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. வெளியே மேன்ஹோல் காவலுக்கு வயதான ஒருவர். கையில் பித்தளை மண்வெட்டி, பாண்டு.

பத்து மணிவாக்கில் அவர்கள் சுருளுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குப் போனார்கள். மேலே அடிப்பிடித்த சோறு மாதிரி ஒரு கெட்டிப் பொருக்கு. தம்பி மண்வெட்டியால் அதைப் பெயர்த்துப் புரட்டியதும் கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் தெரிந்தது என்று மேஸ்திரி பிறகு சொன்னார். வற்றிய கிணற்றின் சேற்றில் கால் வைத்தால் கொப்புளம் கொப்புளமாக வருமே, அப்படி வந்ததாம். மேஸ்திரி உள்ளிருந்து குரல் கொடுத்தார்:

"சார், முட்டை வாடை அடிச்சுது. இப்ப இல்ல சார், போயிடுச்சு."

நான் மேன்ஹோலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "சரிண்ணே" என்றேன். வாடை போய்விட்டது நல்ல செய்தி என்றே என் மனசில் பட்டது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பிபிஎம்-க்கு (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வெகு கீழேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் அளவு 100 பிபிஎம்-ஐத் தாண்டும்போது மூக்கு மரத்துப்போகிறது. வாடை அடிப்பது நின்றுவிடும். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் தள்ளாட்டமும் மயக்கமும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழலாம். ஆக, வாடை வந்து போனது என்று உள்ளிருந்து ஒருவர் சொன்னால், காற்று சுத்தமாகிவிட்டது என்பதை விட, மூக்கு செத்துவிட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம். இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருவர் காதிலும் இதைப் போட வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியே ஆட்களை வெளியே இழுத்திருக்க வேண்டியது என் வேலை. நான் இழுக்கவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். மண்வெட்டி தகட்டில் உரசும் சத்தம் இரண்டு மண்வெட்டிக்குப் பதில் ஒன்றாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தம்பி சுருள்மேல் சாய்ந்து, களைத்துப்போய் உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். மேஸ்திரி திரும்பிப் பார்த்துக் கத்தினார். அந்தச் சத்தம் கேட்டதும் காவலுக்கு நின்ற பெரியவர் ஒரு காலை மேன்ஹோலுக்குள் விட்டுவிட்டார். அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். பெரியவர் உள்ளே போயிருந்தால் மூன்று பேர்.

கயிற்றை இழுத்தோம். கயிறு இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்தது. மயங்கிய ஆளை இடுப்பில் பிடித்து இழுத்தால் உடம்பு இரண்டாக மடிந்து குறுக்கே வருகிறது. மேன்ஹோல் 24 அங்குலம். மடிந்த உடம்பு அதில் நுழையாது. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து அவன் தோளை நிமிர்த்தி, தலையை முதலில் கொடுத்து, காலைத் தள்ளினார். அது முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நிமிஷம்தான் என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். மேஸ்திரிக்கு அன்று இரவு முழுக்க வாந்தியும் தலைவலியும். அரை மணி கழித்து மீட்டரை நீளக் கழியில் கட்டி மேன்ஹோலுக்குள் முழங்கால் உயரத்தில் நீட்டினேன். வாசல் அருகிலேயே, புளோயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 68 பிபிஎம் காட்டியது. பொருக்கு உடைந்த இடத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் 1986-லேயே சொல்லிவிட்டது: மூடிய இடங்களில் சாகிறவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிச் சாவுச் செய்திகளைப் படிக்கிற எவருக்கும் இது தெரியும். முதலில் ஒருவர், பிறகு அவரை எடுக்க இறங்கியவர், பிறகு அவர் தம்பி. நாம் இரக்கமுள்ளவர்கள், கண்ணெதிரே ஒருவன் விழுந்தால் நிற்க மாட்டோம். அதனால்தான் மேன்ஹோல் காவலுக்கு ஆள் போடும்போது நான் மூன்று முறை சொல்வேன்: உங்கள் வேலை வெளியே நிற்பது, கயிறு இழுப்பது, ஆளைக் கூப்பிடுவது. உள்ளே உங்கள் சொந்த மகன் விழுந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் போகக்கூடாது. இதற்குத் தலையாட்ட மனசு வராதவரை அந்த இடத்தில் நிறுத்த மாட்டேன்.

நாலு நாள் வேலை நின்றது. அதற்குள் தொழிற்சாலையின் பழைய இன்ஜினீயர் ஒருவர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உள்ளே ஆள் போகாமல் இதில் எவ்வளவு எடுக்க முடியும்னு யோசிச்சீங்களா?" யோசிக்கவில்லை. டேங்க் கழுவுவது என்றாலே மேன்ஹோலைத் திற, ஆளை இறக்கு என்றே எங்களுக்குப் பழக்கம்.

அவர் சொன்னபடி திறந்த டேங்க்கை மறுபடி மூடினோம். ஃபர்னஸ் ஆயிலை விட லேசான லைட் டீசல் ஆயிலை 40 கிலோலிட்டர் உள்ளே விட்டோம். நீராவிச் சுருள் முழுக்க மூழ்கியபின் தான் நீராவியைத் திறந்தோம். இது முக்கியம்: சுருள் எண்ணெய்க்கு வெளியே தெரியும்போது நீராவி ஓடினால், சூடான குழாய் எண்ணெய் ஆவியில் நிற்கும். எண்ணெயை இறக்கும்போதும் அப்படியே, மட்டம் சுருளைத் தொடுமுன் நீராவியை மூடிவிட வேண்டும். ஃபர்னஸ் ஆயில், லைட் டீசல் இரண்டுக்குமே தீப்பற்றும் வெப்பநிலை 66 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது தரக் கட்டுப்பாடு. நாங்கள் 50-க்கு மேல் போகவில்லை. இரண்டு நாள், இரவும் பகலும், அடியிலிருந்து உறிஞ்சி எதிர்ப்பக்க நாசில் வழியாகக் கசடின்மேல் பாய்ச்சிக்கொண்டே இருந்தோம். முதல் நாள் மாலை வரை ஒன்றும் நடக்கவில்லை என்றே தோன்றியது. நள்ளிரவுக்கு மேல் பம்ப்பின் சத்தம் மாறியது. சாம்பிள் எடுத்துப் பார்த்தால் கஞ்சி மாதிரி கனத்திருந்தது. கசடு கரைந்து வர ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் கலவையை வேறு டேங்க்குக்கு மாற்றிப் படிய விட்டு, கீழே நின்ற தண்ணீரை வடித்துவிட்டுப் புது எண்ணெயோடு கலந்து பாய்லரிலேயே எரித்தார்கள். அந்த லைட் டீசல் வீண் போகவில்லை, கசடில் இருந்த எண்ணெயும் திரும்பக் கிடைத்தது. 45 கன மீட்டரில் மிஞ்சியது பத்துச் சொச்சம், அதில் பாதிக்கு மேல் மணலும் துருவும். உள்ளே ஆள் நிற்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. பத்து நாள் வேலை பத்தொன்பது நாள் ஆனது என்று கான்ட்ராக்டருக்கு வருத்தம். முதலிலேயே இப்படித் தொடங்கியிருந்தால் பதினொன்றில் முடிந்திருக்கும்.

கச்சா எண்ணெய் டேங்க்குகளில் இதையே இன்னும் பெரிய அளவில் செய்கிறார்கள். அங்கே கசடில் மெழுகு அதிகம், சூடும் லேசான எண்ணெயும் பட்டால் நன்றாகவே கரையும். டேங்க்கின் பக்கவாட்டில் பொருத்தும் மிக்சர்களை ஒழுங்காக ஓட்டி வந்தால் கசடு சேருவதே குறையும். பராமரிப்பில் காசு மிச்சம் பிடிப்பதாக மிக்சரை நிறுத்தி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடனை வட்டியோடு தீர்ப்பது உள்ளே இறங்கும் கூலிக்காரர்தான்.

மறுபடி ஆள் இறக்கியபோது என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். கேஸ் பார்ப்பதுதான் முதல். மேன்ஹோல் வாயில் பார்ப்பதை விட்டுவிட்டு, குழாய் செருகி உறிஞ்சும் மீட்டரால் தரையோரம், இடுப்பு உயரம், தலைக்கு மேல் என்று மூன்று மட்டத்திலும், எதிர்ப்பக்கம் வரையிலும் பார்த்தோம். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனம். எண்ணெய் ஆவியும் அப்படியே. இரண்டும் கீழேதான் தேங்கும். அதை விட முக்கியமானது, கசடைக் கிளறிவிட்டுக் கேஸ் பார்ப்பது. நீளக் கழியால் வெளியிலிருந்தே கசடைக் குத்திப் புரட்டிவிட்டு, அப்புறம் மீட்டரை நீட்ட வேண்டும். எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்துவிடும். உள்ளே போகும் ஒவ்வொருவர் சட்டையிலும் கத்தும் மீட்டர் ஒன்று இருக்க வேண்டும், மூக்குக்குப் பக்கத்தில். 10 பிபிஎம்-ல் கத்தினால் கேள்வியே இல்லை, வெளியே. சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தாலும், புளோயர் ஐந்து நிமிடம் நின்றாலும், புதிய இடத்தில் மண்வெட்டி போட்டாலும் பெர்மிட் செத்துவிட்டது என்று கணக்கு. காலை ஏழரையின் எண் ஏழரைக்கு மட்டும்தான் சொந்தம்.

வடிகட்டி மாஸ்க்கைத் தூக்கிப் போட்டோம். நாங்கள் வைத்திருந்தது பெயின்ட் அடிப்பவர்கள் மாட்டும் வகை. அது ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்காது, எந்த வடிகட்டியும், காற்றில் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்கித் தராது. குழாய் வழியே வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடியும், அது நின்றால் வெளியே வர முதுகில் ஒரு சின்ன சிலிண்டரும்தான் சரி. அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரசரை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் புகையையே உள்ளே இருப்பவருக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு வேலையை நான் ஒருமுறை நிறுத்த வேண்டி வந்தது.

புளோயர் வெளிக்காற்றை மேன்ஹோல் வழியே உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைத்தோம். கீழ் மேன்ஹோலிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளினால், கூரையின் திறப்பு வழியாக நல்ல காற்று இறங்கி வந்து கீழே தேங்கியதைத் துரத்தும். ஆயிரம் கன மீட்டர் டேங்க்குக்கு மணிக்கு ஐயாயிரம் கன மீட்டர் இழுக்கும் புளோயர் வைத்தால், காகிதக் கணக்கில் மணிக்கு ஐந்து முறை காற்று மாறும். ஆனால் சுருளுக்குப் பின்னால் இருக்கிற மூலையில் அது மாறுகிறதா என்பதை மீட்டர்தான் சொல்லும்.

இடுப்பு பெல்ட் போய், தோளில் வளையம் வைத்த முழு உடம்பு ஹார்னஸ் வந்தது. எழுபது கிலோ மணலைச் சாக்கில் கட்டி, அதற்கு ஹார்னஸ் மாட்டி உள்ளே உட்கார வைத்து, வெளியே எடுக்கப் பழகினோம். முதல் தடவை நாலு நிமிடம் ஆனது. யாரும் பேசவில்லை, அந்த நாலு நிமிடத்துக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேன்ஹோல் விளிம்பில் வழுக்கும் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, மூன்றாம் தடவை ஒன்றே கால் நிமிடத்துக்குக் கொண்டு வந்தோம். எங்கே போனாலும் வேலை தொடங்கும் முதல் நாள் இந்த மணல் சாக்கு ஒத்திகை உண்டு. பல இடங்களில் நேர விரயம் என்று முகம் சுளித்திருக்கிறார்கள். ஒத்திகையைப் பார்த்த பிறகு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

டேங்க்குக்கு வரும் குழாய்களை வால்வ் மூடிப் பூட்டுப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வால்வ் கசியும், யாராவது திறப்பார்கள். குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சைப் பிரித்து இரும்புத் தகடு செருகுவதுதான் பிளைண்டு போடுவது. எண்ணெய்க் குழாய்களுக்கெல்லாம் போட்டுவிட்டு நீராவிச் சுருளை மறந்துவிடுவார்கள். உள்ளே ஆள் நிற்கும்போது அதில் நீராவி வந்தால் கதி என்ன? அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே இதெல்லாம் சொல்லியிருந்தது: சோதித்துப் பார்த்துத் தகுதியானவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுக் கருவியும் பெல்ட்டும் வெளியே ஒருவர் கையில் கயிறும் வேண்டும் என்று. விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று 36ஏ பிரிவு. நாங்கள் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தோம்.

தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்தானே, அதில் என்ன தீ என்று தோன்றும். 1969 டிசம்பரில், ஒரே மாதத்தில், மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாகோன் 7 என்ற மூன்று மாபெரும் எண்ணெய்க் கப்பல்கள் டேங்க் கழுவிக்கொண்டிருக்கும்போது வெடித்தன. வேகமாகப் பாயும் தண்ணீர் திவலைகளாகச் சிதறும்போது உண்டாகும் நிலைமின்சாரமே காரணம் என்று ஆராய்ச்சியில் தெரிய வந்தது. அதன் பிறகுதான் பெரிய எண்ணெய்க் கப்பல்களின் டேங்க்குகளில் ஆக்சிஜன் மிகக் குறைந்த வாயுவை நிரப்பிக் கழுவும் முறை பரவியது. எண்ணெய் ஆவி இருக்கும் டேங்க்கில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. எல்இஎல் இறங்கிய பிறகும் நாசில், ஹோஸ், டேங்க் மூன்றையும் ஒயர் போட்டு இணைத்து எர்த் செய்த பிறகுதான். கசடு உறிஞ்சக் காற்றில் ஓடும் டயாப்ரம் பம்ப் வைத்தோம். அதற்கும், டிரம்முக்கும் எர்த் உண்டு.

மே மாத வெயிலில் பதினோரு மணிக்கு மேல் அந்தத் தகட்டுக்குள் நிற்க முடியாது. காலை ஆறு முதல் பத்தரை வரைதான் உள்ளே; இருபது நிமிடத்துக்கு ஒரு ஜோடி மாறும்; வெளியே வந்ததும் உப்புப் போட்ட மோர். மழைக்காலத்தில் டேங்க்கைச் சுற்றிய தடுப்புச் சுவருக்குள் தண்ணீர் கட்டிக்கொள்ளும், அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் இந்த வேலை வேண்டாம்.

கையில் படிந்த கறுப்பைப் பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவுவது எங்கள் ஆட்களுக்கு வெகுநாள் பழக்கம். தோல் வெடித்துப் புண்ணாவது அதனால்தான். தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டுப் பழந்துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டால் போய்விடும். வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மனைவிமார்தான் அதைக் கையால் துவைக்கிறார்கள்.

மிஞ்சிய கசடை என்ன செய்வது? மரத்தூள் கொட்டிப் புரட்டி அள்ளுவது பழைய வழக்கம். பத்து டன் கசடு பதினான்கு டன் ஆவதுதான் மிச்சம். ரப்பர் வைப்பரால் தள்ளி உறிஞ்சிக் குழாய்க்குக் கொடுப்பதே நல்லது. எண்ணெய் டேங்க் கசடு, சட்டப்படி அபாயகரமான கழிவு. இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் 2016-ஆம் வருஷ விதிகளின்படி 90 நாளைக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது, கழிவை அனுப்புவதற்கான படிவம் 10 இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டக் கூடாது. எங்களுடையது கும்மிடிப்பூண்டியில் அபாயகரமான கழிவுக்கென்றே இருக்கும் மையத்துக்குப் போனது. பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வருகிறவர்களிடம் கொடுத்துவிட்டால், அது ஏதாவது ஓடைக்கரையில்தான் கொட்டப்படும். எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஒரு விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

கச்சா எண்ணெய் டேங்க்கானால் இன்னொரு கவலை. துருவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது. அது காற்றுப் பட்டு உலர்ந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 2013-ல் ஒரு வேலையில், சுரண்டி எடுத்த பொருக்கை மதியம் வெளியே குவித்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் குவியலிலிருந்து மெல்லிய புகை. யாரும் பீடி பற்றவைக்கவில்லை, வெயிலைத் தவிர வேறு எதுவும் படவில்லை. நல்ல வேளை, டேங்க்குக்கு வெளியே. அந்தப் பொருக்கை உள்ளேயே நனைத்து, நனைந்தபடியே அள்ளி, டிரம்மில் தண்ணீருக்குள் போட வேண்டும்.

மணலி டேங்க்குக்குத் திரும்புகிறேன். பதினேழாம் நாள் தகடு தெரிந்தது. சுருளின் கால்களுக்குக் கீழே அடித்தகட்டில் குழி குழியாக அரிப்பு. ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும் என்றார்கள். கேஸ் பார்த்தோம், மூன்று மட்டத்திலும் பூஜ்ஜியம். டேங்க் கண்ணாடி மாதிரி துடைத்திருந்தது. வெல்டர் கேபிளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தலைவலி தீர்ந்து வேலைக்குத் திரும்பியிருந்த மேஸ்திரி மட்டும் கூரையைத் தாங்கும் நடுத்தூணின் அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தூண் என்பது பெரிய குழாய்தான். அதன் அடி வெல்டிங் ஓரம் கடுகளவு கறுப்பு கசிந்திருந்தது. துடைத்தார், மறுபடி வந்தது. பித்தளைச் சுத்தியலால் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று ஒலித்துக்கொண்டு வந்த சத்தம், இடுப்பளவில் மொத்தென்று மாறியது.

"சார், இதுக்குள்ள இருக்கு."

வெல்டரை அனுப்பிவிட்டு, காற்றில் ஓடும் டிரில்லால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக ஒரு துளை போட்டு மீட்டர் குழாயை நுழைத்தோம். வெளியே டேங்க் முழுக்கப் பூஜ்ஜியம். தூணுக்குள் எல்இஎல் 40 சதவீதம். ஒட்டுத் தகடு வைக்க வேண்டிய இடம் அந்தத் தூணிலிருந்து ஒரு சாண் தூரம். உள்ளிருந்த எண்ணெயை வடித்துவிட்டு, தூணை மேல்வரை தண்ணீரால் நிரப்பி, மறுபடி மூன்று மட்டத்திலும் பார்த்து, புதுப் பெர்மிட் எழுதிய பிறகு மறுநாள் காலை வெல்டர் உள்ளே போனார். மேஸ்திரி அவர் பக்கத்திலேயே மீட்டரோடு நின்றார்.